விமானம் மாறும் இடத்திலும் ஒரு வாசல் உண்டு

(நமுனுகுலவில், ஊர் திரும்பிய குடும்பங்களுக்கான தகவல் சந்திப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்த மழையிலும் கனவரல்லையிலிருந்தும் பசறைப் பக்கத்திலிருந்தும் வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். போன சந்திப்பில் பிறப்புப் பதிவு, குடியுரிமை, அடையாள அட்டை பற்றிப் பேசினோம். பேசி முடித்துத் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது ஓர் அக்கா என்னிடம் கேட்டார்: "மகன் திரும்பவும் தமிழ்நாட்டுக்குப் படிக்கப் போறான். அங்கதானே பொறந்தான், அங்கதானே பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் படிச்சான். அவனுக்கு எதுக்கு விசா?"

இது தப்பான கேள்வி இல்லை. நம் குடும்பங்களில் பாதிப் பேர் மனதில் இருக்கும் கேள்விதான். பிள்ளை முகாமில் வளர்ந்தபோது யாரும் அவனிடம் விசா கேட்கவில்லை. முகாம் பதிவும் அடையாள அட்டையும் இருந்தன, செக்கிங் நாளில் வரிசையில் நின்றால் போதும். ஆனால் நீங்கள் வெளியேறும் அனுமதி வாங்கிக்கொண்டு விமானம் ஏறிய நாளோடு அந்தப் பதிவு முடிந்துவிட்டது. இப்போது அவன் கையில் இருப்பது இலங்கைக் கடவுச்சீட்டு. சென்னையில் குடிவரவு அதிகாரிக்கு முன்னால் நிற்கும்போது, கொழும்பில் பிறந்து வளர்ந்து முதல்முறை இந்தியா போகும் ஒரு பிள்ளைக்கும் அவனுக்கும் வித்தியாசம் கிடையாது. இரண்டு பேரும் வெளிநாட்டு மாணவர்கள்.

முகாமில் இருக்கும் சொந்தக்காரர்கள் தொலைபேசியில் வேறு மாதிரிச் சொல்லியிருப்பார்கள். "இப்ப புதுச் சட்டம் வந்திருச்சு, நம்மாளுகளுக்குப் பாஸ்போர்ட்டு விசா ஒண்ணும் வேண்டாமாம்" என்று. அவர்கள் சொல்வதில் பாதி சரி. இந்தியாவின் புதிய குடிவரவு, வெளிநாட்டவர் சட்டம் 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதோடு வந்த விலக்கு ஆணையில், 2015 ஜனவரி 9ஆம் திகதி வரை அங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லை என்பதற்காகத் தண்டனை இல்லை என்று சொல்லப்பட்டிருக்கிறது. அது அங்கே இருப்பவர்களுக்கு. ஊர் திரும்பிவிட்ட நமக்கு அல்ல.

என் தம்பியின் கதையைச் சொல்கிறேன். நாங்களும் உங்களைப் போல் முகாமில் இருந்து வந்தவர்கள்தான். தம்பி அங்கேயே பிளஸ் டூ முடித்தான். நாங்கள் இங்கே வந்து சில மாதங்களில், அவனுக்கு அங்கே ஒரு கல்லூரியில் இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது. ஒரு ஏஜென்ட் சுற்றுலா விசா எடுத்துக் கொடுத்தார். "போய்ச் சேர்ந்துக்கிட்டு மாத்திக்கலாம்" என்றார். தம்பியும் போனான். கல்லூரியில் மாணவர் விசாவைக் காட்டச் சொன்னார்கள். சுற்றுலா விசாவை இந்தியாவுக்குள்ளே இருந்துகொண்டு மாணவர் விசாவாக மாற்ற முடியாது. திரும்பி வந்து, இங்கே இருந்து புதிதாக விண்ணப்பித்து, மறுபடி போவதற்குள் ஒரு கல்வியாண்டு போய்விட்டது. அம்மாவின் காதுத் தோடு இன்னும் அடகில்தான் இருக்கிறது.

ஆகவே இந்தியாவுக்கு என்றால், கல்லூரியின் அனுமதிக் கடிதத்தை வைத்து, புறப்படுவதற்கு முன் இங்கேயே மாணவர் விசா எடுக்க வேண்டும். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொழும்பைவிடக் கண்டி கிட்ட. அங்கே இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயம் இருக்கிறது. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கான கல்வி நம்பிக்கை நிதியம் கொடுக்கும் புலமைப்பரிசில் பற்றியும் அங்கே கேட்கலாம். விசா 180 நாளுக்கு மேற்பட்டதாக இருந்தால், போய் இறங்கி 14 நாளுக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ.வில் பதிவு செய்ய வேண்டும். இணையத்திலேயே செய்யலாம். முகாமில் கியூ பிராஞ்சைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள் இதையும் அதே மாதிரி நினைத்து ஒதுங்கக் கூடாது. இது எந்த நாட்டு மாணவரும் செய்கிற பதிவு. கல்லூரி மாறினாலும் அங்கே அனுமதி கேட்க வேண்டும்.

கொழும்பிலிருந்து சென்னைக்குப் போய் அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் கோயம்புத்தூருக்குப் போகிறான் என்று வையுங்கள். குடிவரவுச் சோதனை சென்னையில்தான். பெட்டியையும் அங்கேயே எடுத்து, சுங்கம் கடந்து, மறுபடி கொடுக்க வேண்டும். இரண்டு விமானத்துக்கும் நடுவில் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் அந்த டிக்கெட்டை வாங்காதீர்கள்.

இனி தூர நாடுகள். இந்தத் தோட்டங்களிலிருந்து யார் அங்கே போகப் போகிறார்கள் என்று சிரிக்காதீர்கள். கனடாவில் சித்தப்பா, ஜெர்மனியில் மாமா என்று இருக்கும் குடும்பங்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கின்றன. அவர்கள் காசு அனுப்புகிறார்கள், பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கிறது. எல்லோருடைய கவனமும் போய்ச் சேரும் நாட்டின் விசாவில்தான் இருக்கிறது. நடுவில் இறங்கி விமானம் மாறும் நாட்டைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. கடைசி நாளில் மலிவாக வந்த டிக்கெட்டை யாரோ ஒருவர் கைத்தொலைபேசியில் வாங்கிவிடுகிறார்கள்.

பதுளையிலிருந்து கொழும்புக்குப் போகும் பஸ் வழியில் எங்கே நின்றாலும் நாம் இறங்கிக் கடலை வாங்கலாம். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். விமானம் அப்படி இல்லை. கால் படும் ஒவ்வொரு நாட்டுக்கும், விமான நிலையத்தை விட்டு வெளியே போகாமலே இருந்தாலும், ஒரு விதி உண்டு. அந்த விதி பிள்ளையின் கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்பதைப் பார்த்துத்தான் போடப்பட்டிருக்கிறது. அதனால் கூடப் படிக்கும் வேறு நாட்டுப் பிள்ளை அந்த வழியாகச் சுலபமாகப் போனான் என்பது நமக்கு உதவாது.

ஐரோப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஷெங்கன் நாடுகள் எல்லாம் சேர்ந்து ஒரு பட்டியல் வைத்திருக்கின்றன. அதில் உள்ள 12 நாட்டவர், விமானம் மாறுவதற்காக மட்டும் அங்கே இறங்கினாலும் விமான நிலைய இடைவழி விசா எடுக்க வேண்டும். அந்தப் பன்னிரண்டில் இலங்கையும் ஒன்று. கனடா, ஜப்பான், அமெரிக்கா ஆகிய நாடுகளின் செல்லுபடியான விசா கடவுச்சீட்டில் இருந்தால் விலக்கு உண்டு. ஆக, கனடா விசாவோடு டொரொன்டோ போகும் பிள்ளை பிராங்பேர்ட்டில் ஒரு முறை விமானம் மாறலாம். ஆனால் வியன்னாவில் இறங்கி, அங்கிருந்து பிராங்பேர்ட்டுக்குப் போய், அதன் பிறகு டொரொன்டோ என்று டிக்கெட் இருந்தால் கதை மாறிவிடும். வியன்னாவிலிருந்து பிராங்பேர்ட்டுக்குப் போவது ஷெங்கனுக்குள்ளேயே நடக்கும் பயணம். அதற்கு வியன்னாவில் எல்லையைக் கடந்து உள்ளே நுழைய வேண்டும். நுழைய முழு ஷெங்கன் விசா வேண்டும். மலிவான டிக்கெட்டுகளில் இந்த மாதிரி இரட்டைத் தரிப்பு நிறைய வரும்.

பிரிட்டனுக்குப் படிக்கப் போகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அந்த விலக்குப் பட்டியலில் பிரிட்டனின் பெயர் இல்லை. முன்பு அது ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருந்தபோது பிரச்சினை வரவில்லை. இப்போது வெளியே போய்விட்டது. லண்டன் விசாதான் கையில் இருக்கிறதே என்று பாரிஸ் வழியாக டிக்கெட் எடுக்காதீர்கள். டோஹா, துபாய், அபுதாபி வழியாகப் போனால், ஒரே டிக்கெட்டில், இடைவழிப் பகுதிக்குள்ளேயே இருந்து மாறுகிறவருக்குப் பொதுவாக விசா கேட்பதில்லை. காசு கொஞ்சம் கூடினாலும் நம் பிள்ளைகளுக்கு நான் சொல்வது அந்த வழிதான்.

ஜெர்மனிக்குப் படிக்கப் போகிற பிள்ளை பாரிஸில் மாறினால் இந்தத் தடை இல்லை. ஜெர்மனி கொடுத்த நீண்டகால விசா அங்கேயும் செல்லும். ஆனால் பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டியது, ஷெங்கனுக்குள் நுழையும் சோதனை பெர்லினில் அல்ல, பாரிஸில் நடக்கும் என்பது. பிரெஞ்சு அதிகாரி, ஜெர்மன் பல்கலைக்கழகத்தின் கடிதத்தைக் கேட்பார். அந்தக் கடிதம் சரக்குப் பெட்டியில் இருந்தால் என்ன செய்வது? கனடாவிலும் அப்படித்தான். கல்வி அனுமதிப் பத்திரத்தை முதலில் தரையிறங்கும் கனடிய விமான நிலையத்தில் அதிகாரி கொடுக்கிறார். வினிபெக் போகிற பிள்ளை டொரொன்டோவில் விமானம் மாறினால், டொரொன்டோவிலேயே அதைக் கேட்டு வாங்க வேண்டும். அமெரிக்காவில் விமானம் மாறிக் கனடா போவதென்றால் அமெரிக்காவின் இடைவழி விசா வேண்டும். வெளியே போகாமல் உள்ளேயே இருந்து மாறும் வசதி அங்கே கிடையாது.

பிரிட்டனும் தன் மண்ணில் விமானம் மாறும் இலங்கையரிடம் இடைவழி விசா கேட்கிறது. அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து விசா உள்ளவர்களுக்கு விலக்குகள் உண்டு. டிக்கெட் வாங்கும் முன் அவர்களுடைய அரசாங்க இணையத்தளத்தில் நாட்டின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள், பதில் அங்கேயே வரும்.

ஏன் இலங்கைக்கு மட்டும் இவ்வளவு என்று கேட்பீர்கள். இதற்குப் பின்னால் நம்முடைய கதையே இருக்கிறது. 83 கலவரத்துக்குப் பிறகு நம்மவர்கள் கிடைத்த விமானத்தில் ஏறி ஓடினார்கள். 1985இல் பிரிட்டன் இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. பொதுநலவாய நாடுகளில் அப்படிச் செய்யப்பட்ட முதல் நாடு இலங்கைதான். 1987 பெப்ரவரியில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் தமிழ் அகதிகளைத் திருப்பி அனுப்பப் பார்த்தபோது, அவர்கள் உடுப்பைக் கழற்றிப் போட்டுப் போராடினார்கள். உலகம் பார்த்தது. அந்த ஆண்டிலேயே பிரிட்டன் ஒரு சட்டம் கொண்டுவந்தது: சரியான ஆவணம் இல்லாத ஒருவரை ஏற்றி வந்தால் விமான நிறுவனம் ஆளுக்கு 1000 பவுண் தண்டம் கட்ட வேண்டும். மற்ற நாடுகளும் இந்த மாதிரிச் சட்டங்களை வைத்திருக்கின்றன.

நம் பிள்ளைகளின் பயணம் கட்டுநாயக்கவிலேயே தடைப்படுவது இதனால்தான். விமான நிறுவனத்தின் மேசையில் இருக்கும் பெண் பிள்ளை குடிவரவு அதிகாரி அல்ல. ஆனால் தண்டம் கட்ட வேண்டியது அவருடைய நிறுவனம். கணினியில் விதியைப் பார்ப்பார். இடைவழி நாட்டுக்கு விசா தேவை என்று திரை சொன்னால் ஏற்ற மாட்டார். அழுதாலும் ஏற்ற மாட்டார். அவர்மேல் கோபப்பட்டுப் பயன் இல்லை. அந்த இரவில் டிக்கெட் காசு போய்விடும்.

இரண்டு தனித்தனி டிக்கெட் வாங்குவது இதைவிட மோசம். கொழும்பிலிருந்து ஓரிடத்துக்கு ஒரு நிறுவனத்தில், அங்கிருந்து அடுத்த இடத்துக்கு வேறொரு நிறுவனத்தில் என்று இணையத்தில் சேர்த்து மலிவாகக் காட்டுவார்கள். அப்படி வாங்கினால் பெரும்பாலும் பெட்டி முதல் ஊரோடு நின்றுவிடும். அதை எடுக்க எல்லையைத் தாண்டி வெளியே வர வேண்டும், வெளியே வர அந்த நாட்டு விசா வேண்டும். முதல் விமானம் தாமதித்து இரண்டாவதைத் தவறவிட்டாலும் யாரும் பொறுப்பில்லை. ஒரே பதிவு எண்ணில் இரண்டு விமானமும் இருக்கிறதா, பெட்டி கடைசி ஊர் வரை போகிறதா, மாறும் இடம் ஒரே விமான நிலையமா என்று கேளுங்கள். லண்டனிலும் பாரிஸிலும் ஒன்றுக்கு மேற்பட்ட விமான நிலையங்கள் உண்டு. ஒன்றில் இறங்கி இன்னொன்றில் ஏற வைக்கும் டிக்கெட்டும் விற்கப்படுகிறது.

அடுத்தது பெயர். நம் குடும்பங்களுக்கே உள்ள தொல்லை இது. தோட்டத்துப் பதிவில் அப்பாவின் பெயர் சிங்கள உச்சரிப்பில் ஒரு மாதிரி. முகாம் பதிவில் தமிழ்நாட்டு வழக்கப்படி முன்னெழுத்தும் பெயரும். பள்ளிக்கூடச் சான்றிதழில் ஓர் எழுத்து குறைவு. இலங்கைக் கடவுச்சீட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக முழுதாக வந்திருக்கும். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் "எஸ்" என்ற ஒரே எழுத்தாக இருக்கும். இரண்டும் ஒரே ஆள் என்பது நமக்குத் தெரியும், நடுவழி விமான நிலையத்தில் இருக்கிறவருக்குத் தெரியாது. டிக்கெட்டும் விசாவும் கல்லூரிக் கடிதமும் கடவுச்சீட்டில் உள்ள பெயரிலேயே, அதே எழுத்துகளில் இருக்க வேண்டும். கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போதே கடவுச்சீட்டைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். பழைய சான்றிதழில் வேறு மாதிரி இருந்தால், இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடித்துக் கையில் கொடுத்துவிடுங்கள்.

பிரிட்டன் விசாவில் இன்னொரு புதுமை. இப்போது அது மின்விசா, கடவுச்சீட்டில் ஒட்டும் தாள் அல்ல. கணக்கு ஒன்று திறந்து, அதைக் கடவுச்சீட்டு எண்ணோடு இணைக்க வேண்டும். நடுவில் கடவுச்சீட்டைப் புதுப்பித்துவிட்டுக் கணக்கில் எண்ணை மாற்ற மறந்தால், விமான நிறுவனத்தின் திரையில் விசா இல்லை என்று வரலாம்.

இப்போது எனக்கு முக்கியமாகப் படும் விஷயத்துக்கு வருகிறேன். விசாப் படிவங்களில் சில கேள்விகள் இருக்கும். முன்பு எந்த நாட்டில் வாழ்ந்தீர்கள்? எங்கேயாவது விசா மறுக்கப்பட்டதா? விசா இல்லாமல் தங்கியிருந்தீர்களா? நம் பிள்ளைகளுக்கு இங்கே பயம் பிடித்துவிடும். படகில் போனதையும் முகாமில் இருந்ததையும் எழுதினால் மறுத்துவிடுவார்கள் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். மறைத்து எழுதச் சொல்லும் ஏஜென்ட்டும் இருக்கிறார்.

எழுதுங்கள். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அகதியாக இருந்தது குற்றம் அல்ல. நீங்கள் பதிவு செய்து இருந்தீர்கள், அனுமதியோடு வெளியேறினீர்கள். அதற்கான தாள்கள் உங்களிடம் இருக்கின்றன: முகாம் குடும்ப அட்டை, வெளியேறும் அனுமதியின் பிரதி, ஐ.நா. அகதிகள் அலுவலகம் கொடுத்த கடிதம். இங்கே வந்த பிறகு அவற்றைக் குப்பையில் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து போடாதீர்கள். லயத்துக் கூரை ஒழுகும் என்றால் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். பொய் எழுதிப் பிடிபட்டால் கனடா 5 ஆண்டுக்கு உள்ளே விடாது. பிரிட்டனில் அது 10 ஆண்டு வரை போகலாம். ஒரு மறுப்பு என்றால் திரும்ப விண்ணப்பிக்கலாம். பொய் என்று பதிவானால் அது பிள்ளையின் பெயரோடு அடுத்த எல்லைகளுக்கும் போகும்.

இடைவழியில் இறங்கிக் கடவுச்சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தங்கிவிடலாம் என்று சொல்லி லட்சக்கணக்கில் கேட்கிறவர்களும் வருவார்கள். படிக்கப் போகும் பிள்ளையை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். இதற்கு மேல் அதைப் பற்றி நான் பேசப் போவதில்லை.

தம்பி தங்கைமாருக்கு ஒரு வார்த்தை. எல்லையில் கேட்கும் கேள்விகள் பெரிதாக ஒன்றும் இல்லை. என்ன படிக்கப் போகிறாய், எந்தக் கல்லூரி, எங்கே தங்குவாய், காசு யார் கட்டுகிறார். ஆனால் நம்மிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. துரை என்ன கேட்டாலும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம். அந்தப் பழக்கம் வீட்டுக்குள் பரம்பரையாக ஊறிக் கிடக்கிறது. அங்கே, புரியாத கேள்விக்குத் தலையாட்டினால் அது உங்கள் பதிலாக எழுதப்பட்டுவிடும். "வேலை செய்ய வந்தாயா?" என்று கேட்பதற்கு "யெஸ் சார்" என்று சொன்ன பிள்ளை ஒருவரை எனக்குத் தெரியும். அவரை விசாரித்து விடுவதற்குள் அடுத்த விமானம் போய்விட்டது. புரியவில்லை, மெதுவாகச் சொல்லுங்கள் என்று கேட்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்பதிலும் வெட்கம் இல்லை. போவதற்கு முந்திய வாரம் அண்ணனோ அக்காவோ அதிகாரி மாதிரி எதிரே உட்கார்ந்து கேட்டுப் பழக்குங்கள்.

கடவுச்சீட்டு, விசாப் பிரதி, கல்லூரிக் கடிதம், தங்குமிட முகவரி, காசுக்கான அத்தாட்சி, இரண்டு விமானத்தின் டிக்கெட் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். கைத்தொலைபேசியில் மட்டும் வைத்தால் போதாது, மின்கலம் தீர்ந்தால் ஒன்றும் இல்லை. கடவுச்சீட்டு முடிய ஆறு மாதமாவது மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் புதுப்பிக்கப் பத்தரமுல்லைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை, கண்டியிலும் அலுவலகம் இருக்கிறது.

இங்கே உட்கார்ந்திருக்கும் தாத்தாமாருக்கு இது எல்லாம் புதிதல்ல. அவர்களுடைய பெற்றோர் மண்டபத்தில் தடுப்பு முகாமில் நாள் கணக்காக இருந்து, சோதனை முடிந்து கப்பலேறித்தான் இந்த மலைக்கு வந்தார்கள். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறும்போது, ஓர் எழுத்துப் பிழைக்காகக் குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்ததை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். தாளில் உள்ள எழுத்தைப் பற்றி நான் இவ்வளவு நேரம் பேசியதன் காரணம் அவர்களுக்கு விளங்கும்.

விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். இந்தப் புத்தகத்தில் படித்ததை வைத்து மட்டும் டிக்கெட் வாங்காதீர்கள். வாங்குவதற்கு முன், போகும் நாட்டின் தூதரகத் தளத்தையும் இறங்கும் நாட்டின் தளத்தையும் பாருங்கள், விமான நிறுவனத்திடமும் கேளுங்கள். இணையம் பார்க்கத் தெரியாதவர்கள், காசு கட்டுவதற்கு முன் டிக்கெட் விவரத்தை ஒரு தாளில் எழுதி நம் கள அலுவலரிடம் கொண்டு வாருங்கள். எந்தெந்த ஊரில் இறங்குகிறது என்பது அதில் இருந்தால் போதும், கூட உட்கார்ந்து பார்ப்போம். போன முறை கேள்வி கேட்ட அக்கா, உங்கள் மகனின் கல்லூரிக் கடிதத்தை எடுத்து வந்திருக்கிறீர்களா? வாருங்கள், முதலில் அதைப் பார்த்துவிடலாம்.